பர்மா உளுந்து

மண்டியிலிருந்து இன்று வந்த உளுந்து பிரேசிலுடையது. பர்மாவில் சண்டை, இனி எப்போது கப்பல் வரும் என்று சொல்ல முடியாது என்கிறார் மண்டிக்காரர்.

பழவேற்காட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் எனக்கு இதில் என்ன நஷ்டம்? இட்லி கல் மாதிரி வந்தது என்று நாலு பேர் திட்டுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

குப்பத்துச் செல்வி அக்கா வந்தார். வழக்கம்போல அதே கேள்விதான்.

"பர்மா உளுந்துதானே?"

"இல்லக்கா, பிரேசில். பர்மாலருந்து கப்பலே வர்ல."

"இன்னா தம்பி சொல்ற? ஒண்ணுகூடவா வர்ல?"

"அங்க சண்டையாம். இட்லிக்கு இதுவும் நல்லாத்தான்க்கா இருக்கும்."

"இட்லிய யாரு கேட்டா?"

மூலையில் கிடந்த காலிச் சாக்கை எடுத்து, அதிலிருந்த வட்ட வட்டமான பர்மா எழுத்தைத் தடவினார். கடலுக்குப் போன அவர் வீட்டுக்காரர் ஏழு வருடமாகத் திரும்பி வரவில்லை.

"எஞ்சின் நின்னுபோன போட்டு பர்மா பக்கந்தான் ஒதுங்கும்னாங்க. அங்கருந்து மூட்ட வந்துனேகீது, ஆளும் வந்துருவாருன்னு இருந்தேன்."

உளுந்து வாங்காமலே போய்விட்டார். இத்தனை நாளும் ருசிக்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் போனதும் பிரேசில் உளுந்தை அந்தப் பழைய சாக்கில் கொட்டி, எழுத்து தெரிகிற மாதிரி வாசலில் வைத்துவிட்டேன்.

கலப்படம் என்று புகார் கொடுக்கிறவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு முன், நாளைக்கு அவர் வந்து "வந்துட்ச்சா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்பதையும் கீழே எழுதிவிட்டுப் போங்கள்.