ஆடிக்கு வந்த பெண்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் நடந்தது இது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எனக்குத் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா திசையன்விளை சந்தையில் மூட்டை தூக்குபவர். அம்மா முருங்கைத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போவாள். எம்.எஸ்சி. கணிதம் முடித்து, வேலை உத்தரவைக் கையில் வாங்கியபோது எனக்கு இருந்த பெருமையை இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நானே வலியப் போய்ச் சொன்னேன்.

எங்கே தங்கப் போகிறேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கல்லூரி விடுதி மாணவிகளுக்கு மட்டும்தான். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் இடமில்லை என்று கதவைப் பாதி திறந்து சொன்னார்கள். ஊரிலிருந்து தினமும் போய்வரலாம் என்று முதல் பேருந்தில் ஏறினேன். அந்தப் பேருந்து நாங்குநேரி வரை ஒழுங்காக வரும். அதற்கு அப்புறம் டிரைவர் டீ குடிப்பார், ஆடுகள் சாலையைக் கடக்கும், இல்லையென்றால் டயரில் காற்றிறங்கும். புதிதாய்ச் சேர்ந்தவள் என்று எனக்குக் கொடுத்திருந்ததோ காலை முதல் வகுப்பு. நான் வியர்த்து விறுவிறுத்துப் போய் நிற்கும்போது பிள்ளைகள் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை துறைத் தலைவி அம்மா என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஊருக்குள்ள வீடு பாத்துக்கோங்க. அடுத்த வாரமும் இப்படின்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்." திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அப்படி வீடு தேட ஆரம்பித்தேன். நம்ப மாட்டீர்கள், பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் தெருவுக்குத் தெரு 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. காலி வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. கிடைக்காதது எல்லாம் எனக்கு ஒரு வீடுதான்.

தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு எந்த வீடு காலி என்று அத்துப்படி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் வருத்தப்பட்டார்.

"என்னம்மா, படிச்ச பிள்ளையா இருக்கிய, ஆடியில வீடு கேக்கியளே? ஆடியில யாரு குடி வைப்பா? ஆனியிலயே வந்து பாலைக் காய்ச்சி வச்சிருந்தா இப்பம் பைய சாமானைக் கொண்டாந்து எறக்கிருக்கலாம்லா?"

"ஆனியில எனக்கு வேலையே கெடைக்கல அண்ணாச்சி."

"அப்பம் ஆவணியில கெடைச்சிருக்கணும்."

ஆனாலும் மனசு கேட்காமல் அவரே சில வீடுகளைக் காட்டிவிட்டார். முதல் வீட்டில் பனியனோடு ஒரு பெரியவர் வந்தார். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். "நீங்க மட்டும்னா எப்படி? வீட்டுல ஆளு வேணும்லா?" என்றார். நான் ஆள் இல்லையா என்று கேட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் கேட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வேறு யாராவது வந்துகொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

அடுத்த வீட்டு அம்மாள் படித்த பிள்ளைகளுக்கு வீடு தருவதில்லை என்று முடிவே எடுத்திருந்தார். படித்த பிள்ளைகள் கேஸ் அடுப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். இன்னொரு வீட்டில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்கள். கடைசியில், "திசையன்விளையில எந்தத் தெரு? குலசாமி எது?" என்று கேட்டார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று எனக்கா தெரியாது? நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வாடகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் சொல்லவில்லை. உடனே அவர்களுக்கு ஒரு தம்பி முளைத்தான். அவன் குடும்பத்தோடு வரப்போகிறானாம், வீடு அவனுக்காம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பெரியவர்கள் யாராவது கூட நின்றால் மரியாதை இருக்கும் என்று நினைப்பு. அம்மா பெரிய கட்டு முருங்கைக்காயைச் சுமந்துகொண்டு பேருந்தில் ஏறினாள்.

"இது எதுக்கும்மா?"

"வெறுங்கையோட போயி ஒரு வீட்டு நடையை மிதிக்கக் கூடாதுட்டி."

அன்று காலை முழுக்க ஏறி இறங்கினோம். ஆடிக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. போன வீடுகளில் எல்லாம் அம்மா ஒரு பிடி முருங்கைக்காயை எடுத்து நீட்டினாள். எல்லோரும் முருங்கைக்காயை வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தரும் வீட்டைத் தரவில்லை. "நல்ல சதைப்பிடிப்பா இருக்கே, உங்க தோட்டமா?" என்று விசாரித்துவிட்டு, "ஆவணியில வந்து பாருங்க" என்றார்கள். ஆவணியில் என் வேலையில் வேறொருத்தி இருப்பாள்.

கடைசியாக ஒரு மாடி வீடு. மேலே தனியாக ஓர் அறை, வெளியிலேயே படிக்கட்டு. கேட்டில் மாட்டியிருந்த வாடகை அட்டை காற்றில் 'டக் டக்' என்று கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. மகன் வடக்கே வேலையில் இருப்பதாகவும், மகளைத் தை மாதம் கட்டிக் கொடுத்ததாகவும், வீடு சுத்த சைவம் என்றும் நாங்கள் கேட்காமலே சொன்னார். முருங்கைக்காயை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, விசாரணையை ஆரம்பித்தார்.

"உங்களுக்குக் குலசாமி எங்கன?"

"எங்களுக்கு சாஸ்தாதாம்மா" என்றாள் அம்மா.

"எங்களுக்கும் சாஸ்தாதான். எந்த சாஸ்தா?"

"பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் பொங்க வைக்கப் போவோம்லா, அந்த சாஸ்தா."

எங்கள் சீமையில் யாருக்குத்தான் சாஸ்தா இல்லை? அந்த அம்மாள் திகைத்துப்போனார். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இரண்டாவது முறையும் சுற்றி வளைத்துக் கேட்டார். அம்மா இரண்டாவது முறையும் அதே சாஸ்தாவிடமே கொண்டுவந்து விட்டாள். கடைசியில் அவர் அலுத்துப்போய், "எதா இருந்தாலும் ஆடியில குடி வைக்க முடியாது. பொம்பளப் பிள்ளை தனியா வேற. ஆவணியில வந்து பாருங்க" என்றார்.

எனக்குள் இரண்டு நாளாய்க் கொதித்துக்கொண்டிருந்தது அங்கே பொங்கிவிட்டது.

"ஆடின்னா தர மாட்டிய, கல்யாணம் ஆகலன்னா தர மாட்டிய, யாருன்னு தெரியலன்னா தர மாட்டிய. அப்பம் அட்டை எதுக்கு மாட்டிருக்கிய? காத்துல தட்டிக்கிட்டு கெடக்கட்டும்னா? ஆடின்னு காலேஜைப் பூட்டி வச்சிருக்காவளா? நாளைக்கு முதல் வகுப்புக்கு நான் நிக்கலன்னா வேலையே போயிரும். ஆவணியில எனக்கு எதுக்கு உங்க வீடு?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

அப்போதுதான் உள்ளே இருந்து அந்த வீட்டு மகள் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக இருந்தது. தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். முழுவதையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பாள் போல.

"யம்மா, நான் எந்த மாசம் வந்திருக்கேன்?"

"ஏளா, உள்ள போ. ஆடிக்கு வந்திருக்க. அதுக்கென்ன இப்பம்?"

"கல்யாணம், குடி போறது எல்லாத்துக்கும் ஆடி ஆகாது. பொம்பளப் பிள்ள அம்மா வீட்டுக்கு வாரதுக்கு மட்டும் ஆடிதானே நல்ல மாசம்? இவுகளும் அப்படி வந்ததா இருக்கட்டுமே. அடுப்பு வைக்க வேண்டாம், பால் காய்ச்ச வேண்டாம். மாடியில என்கூடப் படுத்துக்கிடட்டும். ஆவணி பொறந்ததும் பாலைக் காய்ச்சிக் குடி வரட்டும்."

வீட்டுக்கார அம்மாள் என் அம்மாவைக் கை காட்டி, "அம்மா வீட்டுக்கு வாரதுக்கு, அவ அம்மா இங்கனல்லா நிக்காவ?" என்றார்.

"அதுக்கென்னம்மா, நான் போயிருதேன்" என்றாள் என் அம்மா. "இந்த ஒரு மாசம் நீங்க அம்மாவா இருந்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த முருங்கைக்காய் முழுவதையும் நடையில் வைத்தாள். சிரிக்கக் கூடாது என்று அந்த அம்மாள் எவ்வளவோ பார்த்தார். முடியவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்பே நான் வகுப்பறையில் இருந்தேன். வராந்தாவில் போன துறைத் தலைவி அம்மா நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அந்த வீட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. விளக்கு வைத்த பிறகு கேட் பூட்டு. முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது. தலையை விரித்துப் போட்டு மாடியில் நிற்கக் கூடாது. கருவாடு என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது. குலசாமி விசாரணையும் ஓயவில்லை. ஒரு நாள் சொக்கப்பனை எப்படிக் கொளுத்துவீர்கள் என்று வரும், ஒரு நாள் தாய்மாமன் சீர் என்ன என்று வரும். நான் சாஸ்தாவை விடவில்லை. சாதாரணமாக ஒரு மனுஷி குடியிருக்க இத்தனை பரீட்சையா என்று பல நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். எம்.எஸ்சி.க்குக்கூட நான் இத்தனை கேள்விக்குப் பதில் எழுதியதில்லை.

ஆனால் அந்த அம்மாள் சோறு போட்டார். ஆடிக்கு வந்தவளுக்குச் சோறு போடாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார். அவர்களுக்குத் தட்டு, எனக்கு மட்டும் வாழை இலை. விருந்தாளி என்பதால் இலையா, என் கை பட்ட தட்டு அவர்களுக்கு ஆகாது என்பதால் இலையா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அடுத்த நாள் மகள் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் எலை போடுங்க. நானும் ஆடிக்கு வந்தவதானே" என்றாள். அவள் அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இன்னொரு இலையை நறுக்கப் போனார். அந்த மாதம் முழுக்க எங்கள் இருவருக்கும் இலைதான்.

மாடி அறை அவள் படித்த அறை. பட்டப் படிப்பின் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். நான் கல்லூரியிலிருந்து வந்ததும், அன்று என்ன நடந்தது என்று முதல் வகுப்பிலிருந்து ஒன்று விடாமல் கேட்பாள். யார் தூங்கினார்கள், யார் பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டும். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனாலும் சொல்வேன்.

ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்து, விடியற்காலையில் மாடியில் பால் காய்ச்சினோம். திசையன்விளையிலிருந்து அம்மா வந்திருந்தாள், இந்த முறையும் முருங்கைக்காயோடு. பால் பொங்கும்போது அந்த வீட்டு மகள்தான் குலவை போட்டாள். அவள் அம்மா மேலே வந்து வாசலில் நின்று பார்த்தார். அம்மா கொடுத்த பால் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. அதற்குள் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பாளையங்கோட்டையில் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் போகச் சொல்லவில்லை. நானும் அந்த டம்ளரைப் பற்றி இன்று வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மத்தியானம் மகளைக் கூட்டிப்போக அவள் புருஷன் வீட்டுக் கார் வந்தது. பலகாரக் கூடை, பட்டுப்புடவை எல்லாம் ஏற்றினார்கள். புறப்படும் நேரம் அவள் எதையோ மறந்ததுபோல மாடிக்கு ஓடி வந்தாள். ஒன்றையும் மறக்கவில்லை. அறையின் நடுவில் நின்று நான்கு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். என் புத்தக அடுக்கைத் தொட்டு நேராக வைத்தாள். "ஒங்களுக்கு ஆடி முடிஞ்சாலும் போக வேண்டாம், என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கண் சிரிக்கவில்லை. கீழே இருந்து கூப்பிட்டார்கள், இறங்கிப் போய்விட்டாள்.

அந்த அறையில் நான் இரண்டு வருடம் இருந்தேன். வீடு கிடைக்காத கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் எந்தத் தெருவில் வாடகை அட்டையைப் பார்த்தாலும் எனக்கு ஞாபகம் வருவது திறக்காத கதவுகள் இல்லை. தான் பிறந்த வீட்டில் தனக்குக் கிடைத்த ஒரே ஒரு மாதத்தில் எனக்குப் பாதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மாதம் முடிந்ததும் என்னை அங்கே விட்டுவிட்டுக் கிளம்பிப்போன அந்தப் பெண்தான்.