அன்னாசிப் படகில் இருந்தவன்

லுவா அக்காவின் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான் என்று எங்கள் சமையல்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பின் துவாங் என்கிற தொழிற்சாலை நகரத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் சமையல்கூடம் அது. நான் குழம்பு வைப்பேன். அவள் பக்கத்தில் நின்று சோற்றுத் தட்டுகளை நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவாள். வருடப்பிறப்பு நெருங்கும்போதெல்லாம் யாராவது, "இந்த வருஷமாவது வர்றானா லுவா?" என்று கேட்பார்கள். "லீவு கிடைக்கலையாம்" என்று சொல்லிவிட்டு நீராவிப் பெட்டியின் கதவைச் சாத்துவாள். அந்த மகன் ஜப்பானை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆற்றங்கரை ஊரான கான் தோவுக்கு நாங்கள் சுற்றுலா போன நாளில்தான் அது எனக்குத் தெரிந்தது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். லுவா அக்கா ஹவ் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கால்வாய்க்கரைக்காரி. முதல் புருஷன் மீன்பிடிக்கப் போன இடத்தில் மின்னல் தாக்கிச் செத்துப்போனான். மகன் கியெத் அப்போது கைக்குழந்தை. சில வருடம் கழித்து ஒரு மரம் அறுக்கும் கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் பையனுக்கும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. கியெத்துக்குப் பதினாறு வயதிருக்கும்போது கடைப் பணம் காணவில்லை என்று அந்த ஆள் அவனைத் தூணில் கட்டி அடித்தான். லுவா அக்கா அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வறுப்பதை நிறுத்தவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் பையன் கால்வாயில் இறங்கி நீந்திப் போனான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவளும் அந்த ஆளை விட்டுவிட்டு பின் துவாங் வந்து சேர்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் காய் நறுக்கும்போது பேச்சு பிள்ளைகள் பக்கம் போனது. ஒருத்தியின் மகன் தைவானில், இன்னொருத்தியின் மகள் கொரியாவில். "உனக்கு?" என்று கேட்டார்கள். "ஒரு பையன். ஜப்பான்ல இருக்கான்" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது?

தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை எங்களை எங்காவது கூட்டிப்போவார்கள். அந்த வருடம் கான் தோ. எல்லோருக்கும் மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். விடியும் முன்பே நின் கியூ படித்துறையில் படகு ஏற்றி, பனியனுக்கு மேல் மிதவைச் சட்டையையும் மாட்டிவிட்டார்கள். வழிகாட்டிப் பையன் ஒலிபெருக்கியில் சிரிப்புத் துணுக்கு சொல்லிக்கொண்டே வந்தான். எங்களில் வாய் பெருத்தவள் ஹுவே. அவளோ அவனைவிடச் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

காய் ராங் மிதக்கும் சந்தைக்குள் நுழைந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. பெரிய படகுகள் நங்கூரமிட்டு நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நீளக் கம்பு. என்ன சரக்கு விற்கிறார்களோ அதை உச்சியில் கட்டியிருந்தார்கள். பூசணி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி. காப்பி விற்கும் சின்னப் படகுகள் நடுவே புகுந்து வந்தன. நாங்கள் ஆளுக்கு ஒரு கிண்ணம் பன்றி எலும்புச் சேமியா வாங்கி, சிந்தாமல் குடிக்கப் பாடுபட்டோம். லுவா அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். "இந்தச் சாறுல எலும்பு பத்தாது. நம்ம ஊருன்னா திட்டி அனுப்பிடுவாங்க" என்றாள்.

அப்போது ஒரு அன்னாசிப் படகுக்காரன் எங்கள் படகின் விளிம்பில் கொக்கி மாட்டி ஒட்டிக்கொண்டான். தொப்பி போட்ட, வெயிலில் கறுத்த, இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும் ஆள். கத்தியை இடது கையில் பிடித்து, பழத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கண் எடுத்தான்.

"தம்பி, இனிக்குமா, இல்ல நாக்கு அரிக்குமா?" என்று கேட்டாள் ஹுவே.

"அரிச்சா எடுத்துட்டு வாங்கக்கா, வேற நாக்கு மாத்தித் தரேன்."

படகு முழுக்கச் சிரித்தது. லுவா அக்கா மட்டும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினாள். குரல் அவளுக்குத் தெரியவில்லையாம். கியெத் வீட்டைவிட்டுப் போகும்போது குரல் உடைந்துகொண்டிருந்த பையன். முகத்தைப் பார்த்ததும்தான், செத்துப்போன புருஷனே உட்கார்ந்து பழம் சீவுவதுபோல இருந்தது என்று பின்னால் சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தும் எதையும் கவனிக்கவில்லை. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

அவன் ஒவ்வொருவருக்காகச் சீவிக் கொடுத்துக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்தான். லுவா அக்காவைப் பார்த்தான். கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த பழத்தை எடுத்தான்.

"அத்தை, உங்களுக்கு? உப்பு மிளகாய் போடட்டுமா?"

ஹுவேதான் முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு நல்ல பழமாப் பாத்துக் குடு தம்பி. பையன் ஜப்பான்ல சம்பாதிக்கிறான். எங்கள்லயே பெரிய கை அவதான்."

"ஜப்பானா?" அவன் சீவுவதை நிறுத்தாமல் கேட்டான். "எவ்வளவு நாளா?"

"அது ஆச்சு, ஏழெட்டு வருஷம். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டணுமே. போன்ல பேசறதோட சரி. இல்லையா லுவா?"

"ம்" என்றாள் லுவா அக்கா.

"அங்க குளிர் ஜாஸ்தின்னு சொல்வாங்க" என்றான் அவன். பிறகு நேராக அவளைப் பார்த்துக் கேட்டான், "நல்லா இருக்கானா அத்தை?"

"நல்லா இருக்கான்."

"சரி. நல்லா இருந்தா போதும்."

காம்பைப் பிடித்துக்கொள்ள வசதியாகச் செதுக்கிய பழத்தை அவள் கையில் கொடுத்தான். வழிகாட்டிப் பையன், "அடுத்து சேமியா செய்யற இடம், எல்லாரும் உக்காருங்க" என்றான். எங்கள் படகு இஞ்சினைக் கிளப்பியது. அவன் கொக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த சுற்றுலாப் படகில் மாட்டினான். எல்லாம் ஒரு காப்பி குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

பழச்சாறு அவள் முழங்கை வரை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. படகு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து நான் அவள் நெற்றிப்பொட்டில் பச்சைத் தைலம் தேய்த்துவிட்டேன். சேமியா செய்யும் இடத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் அவள் வழிகாட்டியிடம் போய், "திரும்பறப்ப சந்தை வழியாத்தானே போவோம்?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. சின்னக் கால்வாய் வழியாப் பழத்தோட்டம் போறோம். அதுவும் டிக்கெட்டுல சேந்ததுதானே."

"எனக்குத் தோட்டம் வேண்டாம் தம்பி."

"உங்களுக்கு வேண்டாம். மத்தவங்களுக்கு வேணுமே அக்கா" என்று சிரித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு என்ன தெரியும்?

மத்தியானம் பேருந்து கிளம்பிய பிறகுதான், பின்வரிசையில் எல்லோரும் தூங்கும்போது, என்னிடம் சொன்னாள். "இறங்கிடலாம்க்கா. டிரைவர்கிட்ட நான் சொல்றேன்" என்றேன்.

"இறங்கி எங்க போறது? இந்நேரம் சந்தை கலைஞ்சிருக்கும்."

"அங்கயே கூப்பிட்டிருக்கலாமே."

"என்னன்னு கூப்பிடறது? அவனே அத்தைன்னுட்டான். நான் கியெத்துன்னு கூப்பிட்டு, அவன் யார் நீங்கன்னு கேட்டா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஜப்பான்னு அவன் காது கேக்கவா சொல்லணும், அந்த ஹுவே."

மழைக்காலம் முழுக்க அவள் கான் தோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் சோற்றுத் தட்டை அடுக்கிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை வர்றியா தங்கச்சி?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பேருந்து ஏறினோம்.

படித்துறையில் சீட்டு கொடுக்கிற பெண், "சந்தை சுத்திப் பாக்கவா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் லுவா அக்கா. வேறு என்னவென்று சொல்வது? எங்களுக்குக் கிடைத்த படகை ஓட்டியவள் ஒரு நடுவயதுக்காரி. வழியெல்லாம் கரையைக் காட்டிக் கதை சொன்னாள். தென்னை ஓலையில் வெட்டுக்கிளி முடைந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். அவள் சொன்னபடியெல்லாம் லுவா அக்கா சிரித்தாள்.

அன்னாசிப் படகைக் கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் அதில் அவன் இல்லை. ஒரு இளம்பெண் பழம் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஆற்றில் விழாமல் இடுப்பில் கயிறு கட்டி, இரண்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கம்பின் உச்சியில் அன்னாசியோடு ஒரு ஓலைக்கீற்றும் தொங்கியது. படகே விலைக்கு என்றால்தான் அப்படித் தொங்கவிடுவார்கள். லுவா அக்கா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"படகையுமா விக்கறீங்க?"

"இதுலயே கிடந்தா இவன் எப்படிப் பள்ளிக்கூடம் போவான்? ஆள் வந்தா குடுத்துடுவோம் அத்தை."

"உன் வீட்டுக்காரர்?"

"சரக்கு ஏத்தப் போயிருக்கார். சாயங்காலம்தான் வருவார்." அந்தப் பெண் லுவா அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்க... மஞ்சப் பனியன்ல வந்த அத்தையா?"

"ஆமா."

"சொல்லியிருந்தார். நீங்க வந்தா காசு வாங்கக்கூடாதுன்னு."

லுவா அக்கா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லல. யாருன்னு நான் கேட்டேன். தெரிஞ்சவங்கன்னார்."

நான் அவள் இடுப்பில் இடித்தேன். "சொல்லுக்கா" என்று காதில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "அவன் சொல்லாததை நான் எப்படிடி சொல்றது?"

குழந்தை அவள் கையிலிருந்த ஓலை வெட்டுக்கிளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள். இரண்டு படகுக்கும் நடுவே தண்ணீர். அவன் வந்தால் கயிறு எட்டவில்லை, இவள் குனிந்தால் படகு சாய்ந்தது. கடைசியில் அந்தப் பெண்தான் வாங்கி மகனிடம் கொடுத்தாள். லுவா அக்கா தன் போன் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் தன் போனில் குத்திக்கொண்டு, "என்ன பேர்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

"லுவான்னு போடு. அவனுக்குத் தெரியும்."

அதற்குள் ஒரு சுற்றுலாப் படகு முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்கு வியாபாரம். நாங்கள் விலகினோம். காசு வாங்காமல் அவள் சீவிக் கொடுத்த இரண்டு பழமும் எங்கள் மடியில் இருந்தன.

"அவங்க நம்பரை ஏன் வாங்கலைக்கா?" என்று கரையேறியதும் சத்தம் போட்டேன்.

"கேக்கலாமா கூடாதான்னு யோசிச்சேன். அதுக்குள்ள படகு விலகிடுச்சே."

சாயங்காலம் வரை இருந்து பார்க்கலாம் என்றேன். மறுநாள் விடியற்காலை எங்களுக்கு வேலை. ஒருநாள் வராவிட்டால் அந்த மாதத்து ஊக்கத்தொகை போய்விடும். அதைக்கூட அவள் பெரிதாக நினைத்திருக்க மாட்டாள். "காசு வாங்காதேன்னு எதுக்குச் சொன்னான்? பாசத்துலயா? இல்ல, உன் காசு ஒண்ணும் வேண்டாம்னா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியல. தெரியாம அவன் முன்னாடி போய் எப்படி நிக்கறது?" என்று பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தாள்.

போன் வரவில்லை. வருடப்பிறப்பு விடுமுறை முடிந்து இன்னொரு முறை போனோம். அதே படகு, புதிதாகப் பச்சை வண்ணம் அடித்து, பூசணிக்காய் ஏற்றி நின்றது. அதிலிருந்த பெரியவரிடம் கேட்டோம்.

"அவங்களா? கரை ஏறிட்டாங்க. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் தொழிற்சாலை வேலைக்கு பின் துவாங் போய்ட்டாங்க."

"பின் துவாங்கா?" என்றாள் லுவா அக்கா. "நாங்களும் அங்கிருந்துதான் வர்றோம்."

"அப்ப உங்களுக்குத்தான் தெரியணும்" என்றார் அவர். "எந்தத் தொழிற்சாலைன்னு என்கிட்ட சொல்லல. செருப்போ, நாற்காலியோ. பூசணி வேணுமா, நல்லா மாவா இருக்கும்."

பின் துவாங்கில் எத்தனை தொழிற்சாலை, எத்தனை வாடகை அறை என்று எங்களுக்குத் தெரியும். வேலை விடும் நேரத்தில் சாலை முழுக்க மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தலைக்கவசம், முகத்தில் துணி. சொந்தப் புருஷனே பக்கத்தில் போனாலும் தெரியாது. லுவா அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை அறை வரிசைகளில் கேட்டுக்கொண்டு நடக்கிறாள். நேரம் கிடைத்தால் நானும் போகிறேன். ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், சின்னப் பையன் ஒருவன் இருப்பான் என்று சொல்வோம். "உங்களுக்கு அவங்க என்ன வேணும்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அவள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள்.

போன வாரம் ஒரு வீட்டுக்கார அம்மாள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "இங்க பாதி அறை ஆத்துப் பக்கத்து ஆளுங்கதான். எல்லாம் ஓவர்டைம் போயிருக்கு. ராத்திரி வந்து பாருங்க" என்றாள். எங்களுக்கு அன்று ராத்திரி வேலை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தோம். வாசலில் ஒரு சின்னச் செருப்பு ஜோடி கிடந்தது. லுவா அக்கா குனிந்து அதை நேராக்கி வைத்துவிட்டு வந்தாள்.