சாம்பலில் புரண்ட கோழிகள்

இன்று காலை எதிர்வீட்டு விமலா, மாசமாயிருக்கும் என் மகளுக்கென்று நாலு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே எரிந்த பிளாஸ்டிக் நாற்றமும் வாசலேறி வந்தது. மனசு நான் பிறந்து வளர்ந்த பட்டினப்பாக்கத்துக்கே போய்விட்டது.

அங்கே எங்கள் வீட்டுக் குப்பை பின்பக்கம்தான் எரியும். பால் கவர், அறுந்த செருப்பு, உடைந்த குடம் எதுவும் தப்பாது. ஆறினதும் அம்மாவின் கோழிகள் அந்தச் சாம்பலில் குழி பறித்துப் புரளும், கொத்தித் தின்னும்.

"நல்லா பொரளட்டும், பேன் செத்துப்பூடும்" என்பாள் அம்மா. விறகடுப்புக் காலத்திலிருந்து கோழிக்கு அதுதான் வைத்தியம். அடுப்பு போய் கேஸ் வந்தபிறகும் சாம்பல் என்றால் அவளுக்குச் சாம்பல்தான்.

முட்டையெல்லாம் மாசமாயிருந்த அக்காவுக்கு. நான் கை நீட்டினால், "உனுக்கு இன்னாடி அவசரம்? நீ மாசமா கீறப்ப தரேன்" என்று சிரிப்பாள்.

சொன்ன சொல் தவறவில்லை அம்மா. நான் மாசமானபோது முட்டையெல்லாம் எனக்குத்தான்; அப்போது என் வயிற்றில் இருந்தவள்தான் இன்று மாசமாயிருக்கும் இந்த மகள். பிளாஸ்டிக் சாம்பலைக் கொத்தும் கோழியின் முட்டையில் விஷம் தங்கும் என்று போன வருஷம்தான் டிவியில் கேட்டேன்.

"கோழிங்க எங்க மேயுது விமலா?"

"குப்பமேட்லதான்கா. சாம்பல்ல பொரள்றதால ஒரு சீக்கு அண்டாது."

முட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவள் வீட்டுக்குப் போய்க் கதவு சாத்தினதும் கொண்டுபோய்த் தெருமுனையில் அதே குப்பைமேட்டில் போட்டேன்.

சாயந்திரம் அதையும் சேர்த்துத்தான் கொளுத்துவார்கள்.