மலையில் காயாத சீட்

என் தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அப்பா இல்லாத வீடு. மாதா கோயிலுக்கு அவளை என் காரில்தான் அழைத்துப்போவேன், பீடம்வரை நானேதான் கைபிடித்துக் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

கார் என்றால், ஊரைவிட்டுப் போன எஸ்டேட் முதலாளி, தன் கணக்கெழுதும் ரைட்டரான எனக்கு விட்டுப்போன பழைய சீமைக் கார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. பின்சீட்டுத் தோல்தான் வெடித்துப்போய், பிளவுகளில் நார் எட்டிப் பார்த்தது. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நம்ம ஜீப்பு சும்மாதானுங்க நிக்குது. பொண்ண அதுல கூட்டிட்டுப் போலாமுங்களே" என்றார். நல்ல மனுஷன், நல்லதைத்தான் சொன்னார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "எங்க ஊட்டுப் பொண்ணுக்கு எங்க ஊட்டுக் காரு இருக்குதுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேலத்தில் கார் சீட் தைக்கும் ஒருவரிடம் வழி கேட்டேன். சோப்புத் தண்ணீரில் அழுக்கெடுத்து, பிளவுக்கு அடியில் துணி வைத்து ஒட்டி, விளக்கெண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, மேலே பழுப்பு பாலிஷ் போட வேண்டும். "மூணு நாள் வெயில் காட்டுங்க, போதும்" என்றார். எல்லாம் சொன்னபடியே செய்தேன். எண்ணெயை மட்டும், இருக்கட்டுமே என்று இரண்டு மடங்கு தேய்த்தேன்.

அவர் சொன்னது சேலத்து வெயில். எங்கள் மலையிலோ ஐப்பசி மாதம். காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் சீட்டைக் கழற்றி வைத்தேன். மூன்று நாளும் மூடுபனிதான் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. நான் நாட்களை எண்ணினேனே தவிர, வெயிலை எண்ணவில்லை. பளபளத்ததைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பிக் காரில் மாட்டிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை, புது வெள்ளை வேட்டியோடு காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனசுக்குள் ஏதோ உறுத்தியது. பின்சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தேன். வாசலில் வெள்ளைப் பட்டுச் சேலையில் நின்ற தங்கை என் பின்பக்கத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். வேட்டியை இழுத்துப் பார்த்தேன். அவ்வளவும் பழுப்பு.

எத்தனை வரன் வந்து தட்டிப்போயிருந்தது அவளுக்கு! இன்றைக்கும் ஒரு குறை வைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. ரோஷம் பார்க்க நேரமில்லை. பாய் கடைக்கு ஓடினேன். ஜீப்பைக் கழுவித் துடைத்துக் கடை வாசலிலேயே நிறுத்தியிருந்தார். நான் வாயைத் திறக்குமுன், "கேக்கோணுமுங்களா? ஏறுங்க" என்றார்.

வீட்டு வாசலுக்கு ஜீப் வந்ததும் தங்கை முன்சீட்டில் உட்கார்ந்தாள். வேட்டி மாற்றப் பொழுதில்லாமல், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். கோயில் வாசலில் இறங்கியதும், அங்கே காத்திருந்த எங்கள் தாய்மாமாவைக் கூப்பிட்டு, "நீங்க கூட்டிட்டுப் போங்க மாமா, இந்தக் கோலத்துல நான் வரலைங்க" என்றேன். தங்கை என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சா சிரிக்கட்டுங்கண்ணா. எஞ்சீலையில பட வேண்டியது உங்க வேட்டில பட்டிருக்குது. நீங்கதான் வரோணும்."

பீடத்துக்குப் போய்ச் சேரும்வரை பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நான் ஒரு தடவைகூட வேட்டியை மறைக்கவில்லை.