தடிமன் குளிசையும் தாய்ப்பாலும்

இந்த ஊரில் எனக்குத் தடிமன் என்று சொன்னால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். மூக்கைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறார்கள். ஜலதோஷத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் திருச்செங்கோட்டில் உடல் பருமனுக்கு உரியது என்று எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கிளிநொச்சியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருடமாகிறது. என் கணவர் எங்கள் பக்கம் குழாய்க்கிணறு அடிக்க வந்தவர். இங்கே அந்த வேலையைப் 'போர் போடுவது' என்கிறார்கள். வன்னியில் பிறந்தவளுக்கு அந்தச் சொல்லைத் திடுக்கிடாமல் கேட்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. இரண்டு இடத்திலும் தமிழ்தானே என்று நம்பிப் பெட்டி கட்டியவள் நான்.

மகளுக்கு அப்போது ஆறு வாரம். எடை குறைவாகப் பிறந்தவள். வருகிற வியாழனுக்குள் எடை ஏறாவிட்டால் புட்டிப்பாலும் சேர்க்க வேண்டிவரும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தார். புட்டிப்பால் கொடுப்பது ஒன்றும் குற்றமில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வீம்பு. தாயையும் அக்காவையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவள், என்னால் மட்டும் கொடுக்க முடிந்த ஒன்றையாவது இந்தப் பிள்ளைக்குக் குறைவில்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தடிமன் பிடித்தது. கணவர் ரிக் லாரியோடு ஆந்திராவில். மாமியார் விடிந்ததும் கோழிப்பண்ணை வேலைக்குப் போய்விடுவார். அலுமாரியைத் துழாவியபோது, புழுதியில் மூக்கடைத்தால் கணவர் போடுகிற குளிசை அட்டை ஒன்று கிடைத்தது. ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மூக்கு திறந்துவிட்டது. ஆகா, இதுவல்லவோ மருந்து என்று இரண்டு நாள் விடாமல் போட்டேன்.

மூன்றாம் நாள் மார்பில் பால் கட்டவில்லை. பிள்ளை சப்பிப் பார்த்தாள், வாயை எடுத்தாள், வீறிட்டாள். பகலில் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறவள் கண்ணே மூடவில்லை. தடிமனால்தான் பால் வற்றுகிறது என்று நானே முடிவு கட்டினேன். அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்த காலம் நினைவுக்கு வந்தது. அவளுக்குத் தடிமன் வந்தபோது அம்மா மல்லி அவித்துக் கொடுத்து, ஆவி பிடிக்க வைத்ததோடு சரி. குளிசை வாங்கப் பக்கத்தில் கடையே இல்லாத காலம் அது. கிடைத்திருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் தெருமுனையிலேயே மெடிக்கல் இருக்கிறதே. தீர்ந்துபோன அட்டையை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

கடையில் இருந்தவர் ஐம்பது வயதுப் பெண். மருந்தாளுநர் படிப்பு படித்து, அந்தக் கடையை அவரே நடத்துகிறார். தடிமனுக்குக் குளிசை தாங்கோ என்று கேட்டேன். குளிசை என்றால் மாத்திரை என்பதை என் கைச்சாடையில் பிடித்துக்கொண்டார். என் இடுப்பைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"ஏனுங்க, கொழந்தைக்குப் பால் குடுக்கறீங்ளா?"

ஓம் என்றேன்.

"அப்ப அந்த மாத்தரையெல்லாம் போடக்கூடாதுங்க. தானா எளைச்சுருமுங்க."

உடம்பு தானாக மெலியும் என்று அவர் சொன்னது எனக்கு மூச்சிளைப்பு வரும் என்று கேட்டது. விட்டால் இளைப்பு வருமாம், அதற்கும் மருந்து தரமாட்டாராம். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூக்கு அடைத்திருந்ததால் அதைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. வெற்று அட்டையை மேசையில் போட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்துகளை வாசித்தார். எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். எத்தனை போட்டேன், கடைசியாக எப்போது, பிள்ளை எத்தனை தரம் ஒன்றுக்குப் போகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அட்டையில் சூடோஎபிட்ரின் என்ற பெயரைக் காட்டினார். மூக்கடைப்பைத் திறக்கிற அந்த மருந்து சில தாய்மாருக்குப் பாலைக் குறைத்துவிடும், பாலோடு கொஞ்சம் போய்ச் சில பிள்ளைகளைத் தூங்கவிடாமல் சிணுங்கவைக்கும் என்றார். பிள்ளை மருத்துவர் ஒருவருக்கு என் முன்னாலேயே போன் போட்டு உறுதிசெய்துகொண்டார். உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்தை மட்டும் கொடுத்து, ஆவி பிடிக்கச் சொன்னார். அதற்கும் கேட்காவிட்டால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வேறு மருந்து என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். என் பிள்ளையின் பாலை நானே பறித்துவிட்டேன் என்றேன்.

"அழுவாதீங்க சாமி. இத நிறுத்திப்போட்டு, புள்ளைய மாருலயே போட்டு வெச்சிருங்க. பாலு வந்துருமுங்க."

அவரை நினைத்தால் இன்னும் எனக்கு வியப்புத் தீரவில்லை. நான் என்ன கேட்கிறேன் என்பதே விளங்காதபோதும், கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டவர் அவர். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வேறெங்கோ பிள்ளை பெற்றிருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: மருந்து தருகிறவர்கள் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், நான் பால் கொடுக்கிறவள் என்று.

இரண்டு நாளில் மார்பு கனத்தது. வியாழக்கிழமை தராசில் பிள்ளையின் எடை ஏறியிருந்தது. புட்டி வேண்டாம் என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்ததும் கிளிநொச்சிக்கு அழைத்தேன். பால் வற்றியதை முன்பே அழுதுகொண்டு சொல்லியிருந்ததால், எடுத்ததுமே அம்மா பால் வந்ததா என்று கேட்டார். சந்தோஷத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன்:

"வந்துருச்சுங்க. எடையும் ஏறிருச்சுங்க."



"பிள்ளை," என்றார் அம்மா, "பக்கத்திலை நிக்கிற ஆரோடையோ கதைக்கிறாய்?"

அறையில் நானும் பிள்ளையும் மட்டும்தான் இருந்தோம்.