தக்காளிக்கு ஒற்றையா, இரட்டையா

பக்கவாதம் வந்துபோன பிறகு என் கணவர் வீட்டில் அதிகமாகச் சொன்னது ‘உன் இஷ்டம்’ என்பதைத்தான். தோசையா சப்பாத்தியா என்று கேட்டால் உன் இஷ்டம். மின்விசிறியைக் குறைக்கவா என்றால் உன் இஷ்டம். முன்பு அப்படிப்பட்ட மனிதர் இல்லை. நான் வாங்கி வந்த எந்தத் திரைச்சீலையையும் குறை சொல்லாமல் மாட்டவிட்டதே கிடையாது. வாய்க்கு வாய் பதில் கொடுத்துப் பழகிய எனக்கு, எதிரே ஆளே இல்லாமல் போய்விட்டது. அவருடைய வலது கை தளர்ந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்த ‘உன் இஷ்டம்’தான் என்னைக் கொன்றது.

கைக்கு வேலை கொடுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் குடியிருப்பாளர்களுக்கென்று ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு பாத்தி கேட்டு வாங்கி, தக்காளி நட்டோம். தக்காளி நடுவோமா என்று கேட்டதும் நான்தான். அவர் சொன்ன பதிலைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

முதல் செடிகளை மழை தின்றது. இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு வானம் உடைந்து கொட்டினால், தக்காளிக்கு அது அடி விழுந்த மாதிரி. இலையில் புள்ளி விழுந்தது, காய் வெடித்தது, வேர் அழுகியது. பக்கத்துப் பாத்தி வைத்திருக்கும் மலாய்க்கார அக்கா, தன் பாத்திக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தார். நீங்களும் போடுங்கள் என்றார். தோட்டக் குழுவிலும் சரி என்றார்கள்.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் பேச்சுக்குத்தான் சொன்னேன், நாமும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போடலாம் என்று. அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“ஒண்ணு போதாது. ரெண்டு அடுக்கு போடணும்.”

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“ரெண்டு ஷீட், நடுவுல காத்து. நடுவுல காத்து நின்னா சூடு தாண்டி வராது. கோல்ட் ரூம் சுவரு எப்படி இருக்குன்னு நெனச்ச?”

அவர் வேலை பார்த்ததெல்லாம் கோல்ட் ரூம்களில். மீனும் உறைந்த இறைச்சியும் அடுக்கி வைக்கும் பெரிய குளிர் அறைகளைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் ஓய்வு பெறும்வரை அவருடைய பிழைப்பு. வெயில் வெளியே, குளிர் உள்ளே, நடுவில் தடுப்பு. அந்த ஒரு கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் வரும்.

எனக்கோ உள்ளூரச் சந்தேகம். மலாய்க்கார அக்காவிடம் கேட்டேன். “சாத்து சுக்குப், ஒண்ணே போதும். மழ மேல விழாம இருந்தா சரி. சைடு எல்லாம் தொறந்து விடுங்க லா,” என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார். கைப்பேசியில் காணொளிகளும் பார்த்தேன். இரண்டு அடுக்கு போட்டு, நடுவில் சின்ன விசிறியால் காற்றை ஊதி நிரப்பியவர்கள் எல்லாரும் தடித்த குளிர் உடுப்பும் கம்பளித் தொப்பியும் அணிந்திருந்தார்கள். பின்னால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். நமக்கு எதற்கு அந்த வேலை?

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் இடது கையால் ஒரு தாளில் சட்டம் வரைந்துகொண்டிருந்தார். கோடு கோணலாகப் போனதும் முணுமுணுவென்று திட்டிவிட்டு மறுபடி வரைந்தார். அவர் எதையாவது திட்டிக் கேட்டே எவ்வளவு காலமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்கார சீன அம்மா விரிப்பை இழுத்துக் காட்டிவிட்டு, எத்தனை மீட்டர் என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய ‘உன் இஷ்டம்’ எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் ஒற்றை அடுக்கு என்று சொன்னால் தலையாட்டிவிடுவார். செடி பிழைக்கும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடி பேசாத மனிதராக வீட்டுக்கு வருவார்.

“ரெண்டு அடுக்குக்குக் குடுங்க,” என்றேன். தக்காளி போனால் போகட்டும்.

வரும் வழியில் சிராங்கூன் சாலையில் வழக்கமான சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பரிமாறும் தம்பி தமிழ்நாட்டுக்காரர். எப்போதும் போல என் பக்கம் திரும்பி, “ஐயாவுக்கு என்னக்கா?” என்றார். என் கணவரின் தளர்ந்த கையைப் பார்த்ததிலிருந்து எல்லாக் கடையிலும் இப்படித்தான். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள், என்னிடம் கேட்கிறார்கள். நான் அவரைப் பார்த்தேன். “உன் இஷ்டம்,” என்றார். நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், இரண்டு தே தாரேக், அவருக்குச் சீனி இல்லாமல், என்று சொன்னேன்.

கூரை எழுந்தது. தோட்டத்தில் மின்சாரம் கிடையாது என்பதால் விசிறிக்குப் பதிலாக இடைவெளி நிற்பதற்கு இரண்டு விரிப்புக்கும் நடுவே மரச் சட்டங்கள் வைத்தார். பக்கங்களையும் விடவில்லை, நாலு புறமும் மூடினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏச்சு வாங்கினேன். “அப்படி இழுக்காத. நேரா பிடி. நேரான்னா உனக்கு என்னன்னு தெரியுமா?” சந்தோஷமாக ஏச்சு வாங்கினேன்.

உள்ளே புதிதாக நட்ட செடிகள் மளமளவென்று வளர்ந்தன. மஞ்சள் பூக்கள் வந்தன. பிறகு அவை ஒவ்வொன்றாகக் காம்போடு உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உள்ளே நுழைந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. பக்கத்துக் கூரையின் கீழே அக்காவின் செடிகள் குலை குலையாகக் காய்த்திருந்தன. அவர் என் கணவரிடம் ஒன்றும் சொல்லாமல், நல்ல மனுஷி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் தோட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். பயந்துபோனேன். நானே போய் மேல் விரிப்பைக் கிழித்துவிட்டு, காற்றில் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பிளாஸ்டிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நல்ல கையை உயர்த்தி இரண்டு விரிப்புக்கும் நடுவே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

“கோல்ட் ரூமுக்கு வெளிச்சம் போகாது,” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. “இங்க வெளிச்சம் உள்ள வந்துடுது. வந்து சூடாயிடுது. வந்த சூடு வெளிய போகவும் நான் வழி விடல. அடைச்சு வச்சிருக்கேன்.”

அவர் திரும்பினார்.

“உனக்கு மொதல்லயே தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க வேணும்னு கேட்டீங்க. ஒரு வருஷமா எதையுமே வேணும்னு கேக்கல நீங்க.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கூண்டுக்குள் வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் உதிர்ந்த பூக்களைக் காலால் ஒதுக்கினார். பிறகு, “இனிமே சொல்லு. நான் கேக்கலன்னா சண்ட போடு,” என்றார். “இப்ப அந்தக் கத்திரிக்கோல எடு.”

கீழ் விரிப்பை வெட்டி எடுத்தோம். நாலு பக்கத்தையும் சுருட்டி மேலே கட்டினோம். அக்கா வந்து ஒரு முனையைப் பிடித்தார். காற்று உள்ளே புகுந்ததும் செடிகள் தலையை ஆட்டின. அன்று மத்தியானமே மழை கொட்டியது. ஒற்றை விரிப்பின் மேல் அது கொட்டி வழிந்து ஓடுவதை, நடைபாதையில் குடையோடு நின்று இருவரும் பார்த்தோம். உள்ளே மண் அப்படியே இருந்தது.

அடுத்து வந்த பூக்கள் நின்றன. கோலிக்குண்டு அளவில் பச்சைக் காய்கள் பிடித்ததும், குருவிகள் திறந்த பக்கம் வழியாக உள்ளே வரத் தொடங்கின. பக்கங்களுக்கு வலை வேண்டும் என்றார். எந்த வலை என்பதில் வீட்டிலேயே எங்களுக்குள் சண்டை வந்தது. நன்றாகவே சண்டை போட்டோம். மறுபடி ஜாலான் புசாருக்குப் போய், நான் சொன்னதும் இல்லாமல் அவர் சொன்னதும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்றை வாங்கினோம்.

திரும்பும்போது அதே கடையில் உட்கார்ந்தோம். அதே தம்பி, துணியால் மேசையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஐயாவுக்கு என்னக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் வலைச் சுருளைப் பக்கத்து நாற்காலியில் சாத்தி வைத்தார்.

“ஐயாவையே கேளுங்க, தம்பி,” என்றார். “ஒரு தே தாரேக். சீனி போட்டு.”

“சீனியெல்லாம் கூடாது,” என்றேன்.

“எனக்கு வேணும்,” என்றார்.

அந்தத் தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் சண்டையை முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.