முந்நூறு பாட்டில் தக்காளி

என் தங்கைக்கு நான் ஐயாயிரம் தர வேண்டியிருந்தது. யாருக்கும் சல்லிக்காசு பாக்கி வைக்காதவன் என்று நெஞ்சு நிமிர்த்திப் பேசுகிற நான், கூடப் பிறந்தவளுக்கு மட்டும் வருஷக்கணக்கில் பாக்கி வைத்திருந்தேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தெருத்தெருவாக அலைந்து காலி பாட்டில் வாங்கி விற்றவன். இன்றைக்கு எனக்கு இரண்டு கிடங்கு, மூன்று லாரி. பட்டம் வாங்கியவர்கள் என் முன்னால் கைகட்டி நின்று சம்பளம் வாங்குகிறார்கள். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கோணல் கையெழுத்துக்கு வங்கியில் எழுந்து நிற்பார்கள். இத்தனைக்கும் முதல் போட்டவள் என் தங்கை. புதினாவும் கொத்தமல்லியும் கட்டுக் கட்டி வீடு வீடாக விற்றுச் சேர்த்த ஐயாயிரத்தை என் சட்டைப் பையில் திணித்தாள்.

"தள்ளுவண்டி வாங்கிக்கோண்ணே. சாக்கு சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போச்சு, பாக்க சகிக்கல" என்றாள்.

அவள் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருபது அடி நீளம், எட்டு அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். வேறு எவனாவது அங்கே உடைந்த நாற்காலியைப் போட்டிருப்பான். அவள் தக்காளி போட்டாள். நாற்றை நடும்போது தண்டைப் பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைப்பாள், அப்போதுதான் தண்டெல்லாம் வேர் விடுமாம். இலைக் கக்கத்தில் துளிர்க்கும் பக்கக் கிளையை விரல் நகத்தால் கிள்ளி எறிவாள். இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடமாட்டாள். செடிகளுக்கு நடுவே திருநீற்றுப் பச்சிலை வைத்திருந்தாள். அந்தப் பக்கம் போனாலே சட்டையில் வாசம் ஒட்டிக்கொள்ளும். புதினா மட்டும் அடி வெட்டிய வாளிக்குள். "இதை அவுத்து விட்டா வீட்டுக்குள்ள வந்து பாய் விரிச்சுப் படுத்துக்கும்" என்பாள்.

அவள் புருஷன், என் மச்சான், தையல்காரர், சாது. துணியின் ஓரக் கிழிசல்களைச் செடி கட்டக் கொண்டுவந்து கொடுப்பார். "அடுத்த பிறவியில தக்காளியாப் பொறக்கணும் மாமா. அப்பவாச்சும் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

விளைச்சல் குவியும்போது பாட்டிலில் அடைப்பாள். பழத்தைக் கொதிநீரில் போட்டு இருபது எண்ணி, எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடுவாள். தோல் காலுறை மாதிரிக் கழன்று வரும். சுத்தமான பாட்டிலில் அழுத்தி நிரப்பி, உப்பு, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு திருநீற்றுப் பச்சிலை. மேலே ஒரு விரல் இடம் விட்டு மூடியைத் திருகி, அடியில் பழைய துண்டு விரித்த டிரம்மில் முக்கால் மணி நேரம் கொதிக்க விடுவாள். வெளியே எடுத்து ஆறும்போது மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுபட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கெடாது. அவள் கைவேலை அப்படி. ஒரு பாட்டில்கூட வீணாகி நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, பின்பக்க நிலத்தை விற்கப் போவதாகச் சொன்னார். பக்கத்துப் பட்டறைக்காரன் கேட்கிறான், ஆனால் நீ இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டாய், மூன்று மாசத்துக்குள் நாற்பதாயிரம் கொடுத்தால் உனக்கே எழுதித் தருகிறேன் என்றார். நல்ல மனுஷன்தான். அவளிடமும் மச்சானிடமுமாகச் சேர்த்து இருபத்தைந்தாயிரம் இருந்தது. ஆலைக் கேன்டீன் நடத்துகிறவர் முந்நூறு பாட்டில் தக்காளி கேட்டார். பாட்டிலுக்கு ஐம்பது. சரியாகப் பதினைந்தாயிரம்.

அப்போதுதான் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் என்னிடம் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டாள். பாட்டிலும் மூடியும் வாங்கத்தான்.

நான் அந்த மாசம் இரண்டாவது லாரி எடுத்திருந்தேன். கையில் காசில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்காவது, காசில்லாமல் போவதாவது!

"பாட்டில் ராஜாவோட தங்கச்சி கடையில போய் பாட்டில் வாங்குறதா? முந்நூறும் நான் தரேன். மூடியோட. ஐயாயிரம் கழிஞ்சிடுச்சு, கணக்கு தீர்ந்துச்சு" என்றேன்.

பாட்டில் தங்கமான பாட்டில். மூடி மட்டும் கிடங்கில் மூட்டையாகக் கிடந்த பழைய மூடி. பளபளப்பாக இருந்ததைப் பொறுக்கிக் கழுவி அனுப்பினேன். புது மூடி வாங்கியிருந்தால் தொள்ளாயிரம் ஆகியிருக்கும்.

அவள் ஒரு மூடியைத் திருப்பி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை வெயிலில் பார்த்தாள்.

"இதுல பழைய பாட்டில் வாய்த் தடம் பதிஞ்சிருக்கேண்ணே."

"உனக்குச் செடி தெரியும். எனக்கு மூடி தெரியும். இருபது வருஷமா மூடியிலயே புரள்றவன்கிட்ட வந்து தடத்தைக் காட்டுற?"

"கோவிச்சுக்காதே. கேட்டேன், அவ்வளவுதான்."

சர்க்கரை போடவும் பருப்பு போடவும் அந்த மூடிகளை ஆயிரம் பேருக்கு விற்றிருக்கிறேன். கொதிக்கிற சரக்கை அடைத்து வைக்க ஆகுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் ஆயுசில் ஒரு தக்காளி அடைத்ததில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வளையாது.

ஆறு நாள் அவளும் மச்சானும் அடுப்படியை விட்டு நகரவில்லை. முந்நூறு மூடியும் 'டிக்' என்றன. மச்சான் தையல் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு எண்ணினார். ஒன்பதாம் நாள் ஒரு மூடி புடைத்தது. மறுநாள் நாற்பது. கேன்டீன்காரர் வண்டியோடு வந்தபோது, நல்லதாக எஞ்சியவை பதினான்கு. மற்றதெல்லாம் நுரைத்துப் புளித்து நாறியது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் செடியில் ஒரு பழம்கூட மிச்சமில்லை. கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நான் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"நீ போதுமான நேரம் கொதிக்க வைக்கல பாப்பா. அவசரப்பட்டுட்டே."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "முக்கால் மணி வச்சேனேண்ணே... ஒருவேளை முன்னாடியே இறக்கிட்டேனோ?"

"அதான் சொல்றேன்ல."

லாரிக்காரன் எவனிடமாவது பதினைந்தாயிரம் புரட்டியிருக்கலாம். எனக்குக் கொடுக்க ஆள் இருந்தது. நான்தான் இறங்கிப் போய்க் கேட்கவில்லை.

நிலம் பட்டறைக்குப் போயிற்று. செடியெல்லாம் பிடுங்கி, சிமென்ட் பூசி, அவள் சமையலறை ஜன்னலுக்கு நாலடி தள்ளிச் சுவர் எழுப்பினார்கள். இருநூற்று எண்பத்தாறு பாட்டிலையும் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து உலர்த்தி, மச்சானிடம் கொடுத்து அனுப்பினாள். "பாட்டில் உங்களோடதாம் மாமா" என்றார். நான் அதை வாங்கி மறுபடி விற்றேன். விற்றேன் என்பதை மறைக்க மாட்டேன்.

நாலு வருஷம் கழித்து மூடிக் கம்பெனி விற்பனையாளன் கிடங்குக்கு வந்தான். பேச்சோடு பேச்சாக, "ஒரு தடவை அழுத்தின ரப்பர் சூட்டுக்கு மறுபடி பிடிக்காது ஐயா. முதல்ல பிடிச்ச மாதிரி இருக்கும், பத்து நாள்ல காத்தை உள்ள விட்டுடும்" என்றான். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

தெரிந்த பிறகும் ஏழு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

போன மாசம் போனேன். வேட்டி மடிப்பில் இரண்டு லட்சம் கட்டு. மச்சான் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே வெயில் வருவது ஒரு மணி நேரம்தான். அதில் ஒரு டப்பாவில் நாலு காம்பு புதினா, நோஞ்சானாக வெளிச்சம் தேடிச் சாய்ந்திருந்தது. கூடையில் கடைத் தக்காளி.

நின்றபடியே சொல்லிவிட்டேன். "கொதிச்சது சரியாத்தான் இருந்துச்சு பாப்பா. மூடிதான் சொத்தை. நான் கொடுத்த மூடி."

அவள் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"ஏழு வருஷமா."

"ஏழு வருஷம்." அவள் குரல் உயரவில்லை. "எனக்குக் கைப்பக்குவம் போயிடுச்சுன்னு நெனச்சேண்ணே. அதுக்கப்புறம் ஒரு பாட்டில்கூட நான் போடலை. அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, கடைத் தக்காளியிலயாவது ரெண்டு பாட்டில் போடேன்னு. மாட்டேன், நான் தொட்டா கெட்டுப்போயிடும்னு சொன்னேன். அப்படியே போய்ச் சேர்ந்துட்டாரு."

நான் பணக்கட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "இதை வச்சுக்கோ. எங்க வேணும்னாலும் இடம் வாங்கித் தரேன். அரை ஏக்கர் வேணுமா, சொல்லு."

"எனக்கு முட்டி மடங்காதுண்ணே. அரை ஏக்கர்ல நான் என்ன பண்ண?" கட்டைத் தள்ளி வைத்தாள். "கடன் எவ்வளவு?"

"ஐயாயிரம். ஆனா..."

"அதை மட்டும் கொடு. எண்ணிக் கொடு."

கட்டைப் பிரித்தேன். மூன்றாம் வகுப்பில் கற்ற எண்கள்தான், லட்சக்கணக்கில் எண்ணிப் பழகிய விரல்கள்தான், இரண்டு தடவை தப்பாகிப் போயிற்று. அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். முதலிலிருந்து எண்ணி, ஒவ்வொரு தாளாக, அந்த உள்ளங்கையில் ஐயாயிரத்தையும் வைத்தேன்.